முதல் பருவத்துக்கு முந்தைய பாடம்

பாதரசம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் மாணவர்கள். கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், வலது ஓரத்துக்குப் போய், ஜன்னலை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு, பின்வரிசைக்குப் பக்கத்தில்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைப்பாள். பெயர் வகுப்பறையிலிருந்து ஆசிரியர் அறைக்குக் கசிந்தது. அங்கிருந்து அலுவலகத்துக்கும் போய், ஒருநாள் முதல்வரே வாய் தவறி, "அந்தப் பாதரசத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. வாத்தியார்களுக்கு வைக்கப்படும் பெயர்களில் இதைவிட மோசமானவை எத்தனையோ உண்டு என்பது அவளுக்குத் தெரியும், அதில் சிலவற்றை மாணவியாக இருந்தபோது அவளே வைத்திருக்கிறாள்.

அந்தக் கல்லூரியில் வணிக மேலாண்மைக்கு இளநிலைப் பட்டப்படிப்பு வேண்டும் என்று முதலில் சொன்னவள் அவள். இரண்டு வருஷம் அந்தப் படிப்பை வயிற்றில் சுமந்தாள் என்று சொன்னால் மிகை. காலில் சுமந்தாள் என்று தாராளமாகச் சொல்லலாம். இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்து, கெஞ்சி, சண்டை போட்டு, ஒருவழியாக அனுமதி வாங்கினாள். அனுமதியோடு முதல்வர் ஒரு கொக்கியும் போட்டிருந்தார். பதிவு நாள் சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் பாதி இடமாவது நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் படிப்புக்கு மூடுவிழா. வந்த பிள்ளைகளை வணிகவியல் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவள் மறுபடியும் பழைய பிழைப்புக்குப் போக வேண்டியதுதான்: மூன்று கல்லூரியில் பகுதிநேர வகுப்பு, ஓடுவதற்கு ஒரு ஸ்கூட்டர், எந்தக் கல்லூரியிலும் தனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

ஆனால் பதிவு நாள் காலையில் அவளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. கூடத்தில் பெற்றோர்களும் பிள்ளைகளும் நிரம்பி வழிந்தார்கள். நாற்காலி பற்றாமல் சிலர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேரும் தன் படிப்பைத் தேடி வந்தவர்கள் என்று நினைக்கும்போதே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் "தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்டாள். தண்ணீர் ஊற்றிக்கொடுக்க வந்த ஆளிடமே இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

அவளுடைய பெருமைக்கு முக்கியமான காரணம் அந்தப் பாடத்திட்டம். மூன்று வருஷத்துக்கு எந்தப் பாடம் எதற்குப் பிறகு என்று திட்டம் போடுவதில்தான் எல்லாக் கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் அடித்துக்கொள்வார்கள். என் பாடம்தான் அடிப்படை, உன் பாடம் வெறும் அலங்காரம் என்று ஆரம்பித்து, போன தலைமுறைச் சண்டைவரை இழுத்து முடிப்பார்கள். இவளுக்கு அப்படி எதுவுமே நடக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வேலை முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருப்பவளுக்கு சந்தேகம் எங்கிருந்து வரும்?

படிப்பின் மூன்று தூண்கள் கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல். மற்ற எல்லாப் பாடங்களும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. இந்த மூன்றையும் எடுக்க ஒத்துக்கொண்டவர்கள் ஒரே குடும்பம். கணக்கியலுக்குக் கணக்கு சார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. பொருளாதாரத்துக்கு அவருடைய மனைவி, கல்லூரிக்கே மேடம். புள்ளியியலுக்கு மேடத்தின் உடன்பிறந்த தம்பி. மேடம் அவரை எங்கே பார்த்தாலும் "தம்பி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தலை முழுக்க வழுக்கை விழுந்த பிறகும் வாட்ச்மேன் வரைக்கும் அவரைத் தம்பி சார் என்றே அழைத்தார்கள்.

பாதரசம் அவர்களைத் தனித்தனியாகப் பார்த்தாள். கணக்கு சார் பேனாவை எடுத்து, திறந்து, மூடி, திரும்ப வைத்தார். "கணக்கியல் சும்மா கூட்டல் கழித்தல் இல்லம்மா. வியாபாரம்னா என்னன்னு தெரிஞ்சுட்டு வரணும். முதல்ல மேடம்கிட்ட பொருளாதாரம் படிக்கட்டும், அப்புறம் என்கிட்ட அனுப்பு" என்றார். என்ன பெருந்தன்மை என்று அவள் நினைத்தாள். பொருளாதாரத்துக்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய முன்பாடம் எது என்று மேடத்திடம் கேட்டபோது, "புள்ளிவிவரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்லித் தர்றது? தம்பிகிட்ட ஒரு பருவம் படிச்சுட்டு வரட்டும்" என்றார். தம்பி சார் அதைவிடப் பணிவு. "எண்ணைப் பார்த்தாலே இந்தக் காலத்துப் பசங்க ஓடறாங்க. முதல்ல சார்கிட்ட கணக்கியல் படிச்சு எண்ணோட பழகட்டும். சார் மாதிரி யார் அஸ்திவாரம் போட முடியும்?"

ஒருவர் பாடத்தை இன்னொருவர் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி அவள் பார்த்ததே இல்லை. உற்சாகம் தாங்காமல் தன் அறைச் சுவரில் நீளமான வெள்ளைத் தாளை ஒட்டி, பாடங்களை எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வண்ண வண்ண அம்பு போட்டாள். ஒரு சுவர் போதவில்லை. அடுத்த சுவருக்குப் போனாள். அதுவும் போதாமல் மூன்றாவது சுவர், கதவு நிலை எல்லாம் தாண்டித் தாள் அறையையே ஒரு சுற்று சுற்றிவிட்டது. முதல்வர் வந்து நடுவில் நின்று, "எல்லாம் எவ்வளவு அழகா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கு" என்று பாராட்டினார். கல்விக் குழுவில் பெரியவர்கள் பத்துப் பேர் பார்த்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

பதிவு தொடங்கியது. முதல் டோக்கன் வாங்கியவள் ஒரு நெட்டைப் பெண். கூட அவளுடைய அப்பா, லிஃப்ட் மெக்கானிக், வேலை உடுப்போடு நேரே வந்திருந்தார். இருவரும் கணினி அறைக்குள் போனார்கள். பாதரசம் வாசலில் நின்றுகொண்டு, முதல் பதிவு முடிந்ததும் கை தட்டலாமா, அது சிறுபிள்ளைத்தனமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார் கணினி ஆபரேட்டர்.

திரையில் சிவப்பு எழுத்து. கணக்கியல்: முன்பாடம் முடிக்கப்படவில்லை. சரி, பொருளாதாரத்தைப் போடுங்கள் என்றாள். முன்பாடம் முடிக்கப்படவில்லை. புள்ளியியல். அதே சிவப்பு.

"மிஸ், எதைத் தொட்டாலும் இன்னொண்ணை முடிச்சிருக்கணும்னு சொல்லுது. நான் இப்பதானே ஸ்கூலை முடிச்சுட்டு வர்றேன்" என்றாள் நெட்டைப் பெண்.

"உள்ள போற வழியை உள்ளயே வச்சிருக்கீங்களா மிஸ்?" என்று கேட்டார் லிஃப்ட் மெக்கானிக். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது.

"சிஸ்டத்துல ஏதோ கோளாறு. ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்கு ஓடினாள். சுவர்த் தாளில் கணக்கியல் என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தாள். அம்பு பொருளாதாரத்திலிருந்து வந்தது. விரலை ஓட்டிக்கொண்டே அடுத்த சுவருக்கு நடந்தாள். பொருளாதாரத்துக்கு அம்பு புள்ளியியலிலிருந்து. அடுத்த சுவருக்கு நடந்தாள். புள்ளியியலுக்கு அம்பு கதவு நிலையைத் தாண்டி, கணக்கியலிலிருந்து. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள். எங்கேயோ தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று இன்னொரு சுற்று வந்தாள், கொஞ்சம் வேகமாக. மூன்றாவது சுற்றில் நிஜமாகவே தலை சுற்றியது.

மூன்று வருஷப் படிப்புக்குத் திட்டம் போட்டிருக்கிறாள், அதில் நுழைய மட்டும் யாராலும் முடியாது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கூடம் நினைவுக்கு வந்தது. அங்கே நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் பாதி இடம் நிரம்ப வேண்டும், இதுவரை ஒன்றுகூட நிரம்பவில்லை, இப்படியே போனால் ஒன்றுகூட நிரம்பவும் நிரம்பாது.

முதல்வர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முன்பாடத்தை எடுக்கணும்னா கல்விக் குழு கூடணும். அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு."

"சார், பிள்ளைங்க இன்னைக்கு வந்திருக்காங்க."

"நானும்தான் ஒப்புக்கிட்டேன், உன்னை மட்டும் குத்தம் சொல்லல. ஆனா குழு முடிவைக் குழுதான் மாத்தணும். சாயங்காலம் வரைக்கும் பாரு. இல்லன்னா வணிகவியலுக்கு அனுப்பிடலாம்." அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் விதி என்று வந்துவிட்டால் கை கட்டுண்டுபோகும்.

அவள் கூடத்துக்குத் திரும்புவதற்குள் சலசலப்பு ஆரம்பித்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இன்னொரு கல்லூரி இருக்கிறது, அங்கே மதியம்வரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஓர் அம்மா எழுந்தார். இன்னும் நாலைந்து பேர் பையைத் தோளில் மாட்டினார்கள். "யாரும் எங்கயும் போகாதீங்க, இதோ முடிஞ்சுடும்" என்று சொன்னாள். எது முடியப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

மூன்று பேரையும் கணினி அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். மூவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கணினி அறையின் கதவு குறுகல். கணக்கு சார் ஒதுங்கி, "மேடம், நீங்க போங்க" என்றார். "நீங்க பெரியவர், முதல்ல போங்க" என்றார் மேடம். தம்பி சார் இன்னும் ஒரு அடி பின்வாங்கி, "அத்தான், அக்கா, ரெண்டு பேரும் போங்க, நான் கடைசியா வர்றேன்" என்றார். கல்லூரிக்குள் சார், மேடம் என்றுதான் பேசிக்கொள்வார்கள். பதற்றம் வந்துவிட்டால் தம்பி சாருக்கு மட்டும் வீடு வாயில் வந்துவிடும். இப்படி உபசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, என்ன தாமதம் என்று பார்க்க வந்த பெற்றோர் கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, ஒரே சமயத்தில், பக்கவாட்டில் உள்ளே வந்து விழுந்தார்கள்.

பாதரசம் அதைப் பார்த்தாள்.

"மூணையும் ஒண்ணா எடுத்தா?" என்று ஆபரேட்டரைக் கேட்டாள்.

"எதை மிஸ்?"

"மூணு பாடத்தையும். முன்னாடி பின்னாடின்னு இல்லாம, ஒரே பருவத்துல, சேர்த்து."

ஆபரேட்டர் திரையில் எதையோ தேடினார். "முன்பாடத்தை அழிக்க என்னால முடியாது. ஆனா 'அதே பருவத்தில் சேர்த்துப் படிக்கலாம்'னு ஒரு கட்டம் இருக்கு. அந்தந்தப் பாடத்தோட ஆசிரியர் அவங்க பாஸ்வேர்டு போட்டு டிக் அடிக்கணும். குழு வேண்டாம். ஆனா மூணு பேரும் அடிக்கணும். ஒருத்தர் விட்டாலும் பழைய கதைதான்."

அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அதற்குப் பதிலாக மூவருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டாள். நடந்தது என்ன என்று சொன்னாள். சொல்லச் சொல்ல மூன்று முகமும் மாறியது. கணக்கு சார் மனைவியைப் பார்த்தார். மேடம் தம்பியைப் பார்த்தார். தம்பி சார் அத்தானைப் பார்த்தார். இந்தப் பார்வைக்கும் ஒரு தாள் ஒட்டி அம்பு போடலாம்.

"அப்போ டிக் அடிச்சுடலாமா?" என்றாள்.

"அடிக்கலாம்" என்றார் கணக்கு சார். "ஆனா முதல் பருவம்னா காலைல எட்டரை மணி வகுப்பு இருக்கும். எனக்கு முழங்கால் காலைல மடங்காது."

"எனக்கு அந்த நேரத்துல தொண்டை கட்டிக்கும்" என்றார் தம்பி சார்.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னங்க இது அநியாயமா இருக்கு. நாம மூணு பேரும் ஒரே வீடு, ஒரே கார். யாருக்கு எட்டரை மணி வகுப்பு இருந்தாலும் மூணு பேரும்தான் எட்டு மணிக்கு இங்க வந்து நிக்கப்போறோம். இதுல முழங்கால் எங்க வந்துச்சு, தொண்டை எங்க வந்துச்சு? உண்மையைச் சொல்லுங்க, எதுக்கு என் தலையில தள்ளிவிட்டீங்க?"

"நீ எதுக்கு மச்சான் தலையில தள்ளிவிட்டே?" என்றார் கணக்கு சார்.

கதவுக்கு வெளியே லிஃப்ட் மெக்கானிக், "ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

கணக்கு சார் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். "சொன்னா சிரிக்கக் கூடாது. ரொம்ப வருஷம் முன்னாடி முதலாண்டுப் பசங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். போர்டு முழுக்க இருப்புநிலைக் குறிப்பு போட்டு, ரெண்டு பக்கமும் சமமா வரவெச்சு, பெருமையா திரும்பிப் பார்க்கறேன், மொத்த கிளாஸும் தூங்குது. ஒருத்தன் குறட்டை. அன்னையிலேர்ந்து நான் கடைசி வருஷத்துக்கு மட்டும்தான் எடுக்கறேன். அவங்க பரீட்சைக்குப் பயந்தாவது முழிச்சிருப்பாங்க." அவர் மனைவியைப் பார்க்காமல் பேசினார். "நீ பேசினா பிள்ளைங்க வாயைப் பிளந்துட்டுக் கேக்கறாங்க. முதல்ல உன்கிட்ட வந்து கொஞ்சம் ருசி கண்டுட்டு வந்தா, என்னைப் பொறுத்துப்பாங்கன்னு நினைச்சேன்."

"நானா?" என்றார் மேடம். கல்லூரியே நடுங்கும் அந்தக் குரல் இப்போது சின்னதாக இருந்தது. "புது முகங்களைப் பார்த்தா எனக்குக் கை உதறும்ங்க. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல உங்களுக்குத் தெரியாதா? மேஜையை இறுக்கிப் பிடிச்சுட்டு நிக்கறதைக் கம்பீரம்னு நினைச்சுட்டு இருக்கீங்க. தம்பின்னா ஜாலியாப் பேசுவான், பயத்தைத் தெளியவச்சு அனுப்புவான்னுதான் அவன்கிட்ட விட்டேன்."

"அக்கா, என் ஜோக்குக்கு வகுப்புல சிரிக்கறவன் நான் ஒருத்தன்தான்" என்றார் தம்பி சார். "அத்தான் நடந்து வந்தாலே வகுப்பு எழுந்து நிக்குது. அந்த மரியாதையைப் பார்த்துட்டு வந்தா என்கிட்டயும் கொஞ்சம் ஒட்டிக்கும்னு நினைச்சேன்."

இத்தனை நேரமும் இவர்கள் சோம்பேறித்தனத்தில் தள்ளிவிட்டார்கள் என்றுதான் பாதரசம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டமிட்டு ஏமாற்றியவர் யாருமில்லை. தன்னைவிட அடுத்தவர் உசத்தி என்று மூன்று பேரும் மனதார நம்பியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே காரில் வந்து போகிற மூன்று பேர், அதை ஒருவருக்கொருவர் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லவைக்க ஒரு பட்டப்படிப்பு இடிந்து விழ வேண்டியிருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "சந்தைப்படுத்தல் உன் பாடம்தானே. அதை எந்தப் பருவத்துல போட்டிருக்கே?"

"அஞ்சாவது" என்றாள்.

"முன்பாடம்?"

"நீங்க மூணு பேரும். அப்புறம் இன்னும் நாலு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள், "எல்லாரும் பக்குவப்படுத்தி அனுப்பினா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

முதலில் சிரித்தவர் கணக்கு சார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில், வெளியே நின்ற பெற்றோர்களுக்கு ஏதோ நல்ல செய்தி என்று பட்டு, அவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

மூன்று கணினி, மூன்று நாற்காலி. தம்பி சாருக்கு பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. அக்காவின் பிறந்த நாள் என்று அக்காவே சொன்னார். கணக்கு சார் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி, ஒரு விரலால், சரிபார்த்து அடித்தார். எல்லாம் முடிந்து கட்டத்துக்கு வந்ததும், "மேடம், நீங்க முதல்ல" என்று ஆரம்பித்தார்.

"யாரும் முதல்ல இல்ல" என்றாள் பாதரசம். "நான் மூணு சொன்னதும் மூணு பேரும்."

சொன்னாள். அடித்தார்கள். நெட்டைப் பெண்ணை இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். அவள் மூன்று பாடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். திரை ஒரு நொடி யோசித்தது. அந்த ஒரு நொடியில் பாதரசம் பகுதிநேர வகுப்புகளையும், ஸ்கூட்டரையும், நாற்காலி இல்லாத ஆசிரியர் அறைகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டாள். பச்சை வந்தது.

அவள் கை தட்டினாள். சிறுபிள்ளைத்தனம்தான், கூடவே தம்பி சாரும் தட்டினார், லிஃப்ட் மெக்கானிக்கும் தட்டினார். பிறகு கூட்டம் மளமளவென்று உள்ளே வந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போன அம்மாவைக் கணக்கு சாரே பின்னால் போய்க் கூட்டிவந்தார், முழங்காலைப் பற்றிய நினைப்பே இல்லாமல். மேடம் வரிசையில் நின்றவர்களுக்கு நடுவில் நடந்து, மூன்று பாடத்தையும் சேர்த்து எடுப்பதால் என்னென்ன நன்மை என்று விளக்க ஆரம்பித்தார். கேட்பவர்களுக்கு இது இரண்டு வருஷம் யோசித்துப் போட்ட திட்டம் என்றே தோன்றியிருக்கும். சாயங்காலம் முதல்வர் வந்தபோது பாதி இடம் நிரம்பி, அதைத் தாண்டியும் போயிருந்தது. "படிப்பு நடக்கும்மா" என்றார். கண்ணியமாக நன்றி சொல்லலாம் என்று பாதரசம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. மேடம் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "விடுங்க சார், சந்தோஷத்துல அழுதா நல்லதுதான்" என்றார்.

போகும்போது நெட்டைப் பெண் கேட்டாள், "மிஸ், திங்கக்கிழமை முதல் வகுப்பு யாரு எடுப்பாங்க?"

"நான்" என்று மூன்று குரல் ஒரே நேரத்தில் வந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கியல் இல்லாமல் எதுவுமில்லை என்றார் ஒருவர். தேவை என்றால் என்னவென்று தெரியாமல் கணக்கு எதற்கு என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் ஆதாரம் எண் என்றார் தம்பி சார். எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிற அந்தப் பழைய சண்டை கடைசியில் அவளுடைய படிப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவளுக்கு அது காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. "திங்கக்கிழமை எட்டரைக்கு யார் முதல்ல வகுப்புல காலை வைக்கறாங்களோ, அவங்க எடுக்கலாம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கார் வாசலில் வந்து நின்றபோது, பிள்ளைகள் எல்லாரும் மாடி ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டைப் பெண் எல்லாரிடமும் பந்தயத்தைச் சொல்லிவைத்திருந்தாள். காரின் கதவுகள் திறந்தன. தம்பி சார்தான் முதலில் இறங்கினார். முற்றத்தின் பாதிவரை அவர்தான் முன்னால். படிக்கட்டில் மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டினார். கணக்கு சார் பாவம், காரை ஓட்டியவர் அவர். பூட்டாமல் வர மனம் வரவில்லை, பூட்டிய பிறகு நாலு கதவையும் இழுத்துப் பார்க்காமல் வரவும் மனம் வரவில்லை. ஜன்னலில் விசில் பறந்தது.

மேடம் வகுப்புக்குள் நுழைந்ததும் விசில் நின்றது. பாதரசம் வராந்தாவில் நின்று பார்த்தாள். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு மேடம் நிமிர்ந்தார். அத்தனை புது முகங்கள். அவருடைய வலது கை மேஜை விளிம்பைத் தேடியது. தெரிந்து பார்ப்பவளுக்கு அந்த உதறல் நன்றாகவே தெரிந்தது. ஏதாவது பேசுங்கள் மேடம், ஏதாவது, என்று பாதரசம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் மற்ற இரண்டு பேரும் வந்து நின்றார்கள். வியர்த்து, மூச்சு இரைத்து, சட்டை கசங்கி.

"உள்ள வரலாமா மேடம்?" என்றார் கணக்கு சார்.

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"முதல் நாளே லேட்டா? ரெண்டு பேரும் வெளியவே நில்லுங்க."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். மேஜையைப் பிடித்திருந்த கை தானாக விலகி, சாக்பீஸை எடுத்தது.

வராந்தாவில் இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல் சுவரோரமாக நின்றார்கள்.

"நம்மைப் பார்த்துதான் அத்தான் சிரிக்கறாங்க" என்றார் தம்பி சார்.

"சிரிக்கட்டும் மச்சான்" என்றார் கணக்கு சார், கழுத்தை நீட்டி ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தபடி. "ஒருத்தரும் தூங்கலையே."

உள்ளே பாடம் தொடங்கியது.